ஜூரோங்கிலிருந்து ‘டவுனுக்கு’ எவ்வளவு தூரம்?

“சிறிய ஊரில் வாழ்வதன் நன்மை தீமைகள்” என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், நம் மாணவர்களில் பலர் தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி இருக்கும் கிராமத்தைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுவார்கள். வயல், கிணறு, கோயில் திருவிழா என்று நல்லதைச் சொல்ல ஒரு பத்தி. பெரிய மருத்துவமனை இல்லை, கல்லூரி இல்லை என்று குறையைச் சொல்ல ஒரு பத்தி. சிங்கப்பூர் முழுவதுமே ஒரே நகரம்தானே, நமக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

ஆனால் ஜூரோங்கில் வசிக்கும் ஓர் இளையரிடம், சனிக்கிழமை மாலை எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டுக்கோ பூகிசுக்கோ போகிறவர், “டவுனுக்குப் போறேன்” என்றுதான் சொல்வார். அவர் வசிக்கும் இடமும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகர்தான். ஜூரோங் வெஸ்டில் மட்டும் ஏறக்குறைய 260,000 பேர் வாழ்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 222,943. தஞ்சாவூரில் இருப்பவர் தாம் நகரத்துக்கு வெளியே வாழ்வதாக நினைப்பதில்லை. அதைவிட அதிகமானோர் வாழும் ஜூரோங் வெஸ்டில் இருப்பவர் அப்படித்தான் நினைக்கிறார்.

ஓர் ஊர் சிறியதா பெரியதா என்பதை அங்கு எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. எதற்கெல்லாம் அந்த ஊரைவிட்டு வெளியே போகவேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே புளோக்கில், ஒரே மாடியில் வாழும் இருவரில் ஒருவருக்கு ஜூரோங்கில் எல்லாமே கிடைக்கிறது. மற்றவருக்கு வாரம் இரண்டு முறை ரயிலேற வேண்டியிருக்கிறது. ஜூரோங்கில் வாழ்வதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

வேலை வந்தது, ஆள் வரவில்லை

பொதுவாக ஓர் ஊர் முதலில் உருவாகும். பிறகு அங்கே வேலை வாய்ப்புகள் வரும். ஜூரோங்கில் அது தலைகீழாக நடந்தது. 1961ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, ஜூரோங் பெரும்பாலும் சதுப்பு நிலமும் குன்றுகளும் சிறு கம்பங்களுமாக இருந்தது. அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ அங்கே ஒரு தொழிற்பேட்டையை அமைக்க முடிவு செய்தார். குன்றுகளை வெட்டி அந்த மண்ணைச் சதுப்பில் நிரப்பினார்கள். முதலில் எழுந்த ஆலைகளில் தேசிய இரும்பு எஃகு ஆலையும் ஒன்று. நிலத்தைத் தயாராக்கி வைத்தும் முதலாளிகள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. ‘கோவின் மடத்தனம்’ என்று அந்தத் திட்டத்தை அந்த நாளில் கேலி செய்தவர்கள் உண்டு.

ஆலைகள் மெல்ல மெல்ல வந்தன. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் அங்கே குடியேற விரும்பவில்லை. தாமான் ஜூரோங்கில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டும் அவற்றில் பல காலியாகக் கிடந்தன. ஊழியர்கள் நகரத்தில் இருந்தபடியே தினமும் நெடுந்தூரம் பயணம் செய்து வேலைக்கு வந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்ல சந்தையும் போதிய பள்ளிகளும் இல்லாத இடத்தில், மாலையில் பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்ல வழியில்லாத இடத்தில், வேலை இருக்கிறது என்பதற்காக மட்டும் யார் குடும்பத்தைக் கொண்டுபோய் வைப்பார்கள்?

1968 ஜூன் மாதம் ஜூரோங் நகரக் கழகம், அதாவது இன்றைய ஜேடிசி, தொடங்கப்பட்ட பிறகு நடந்தவற்றை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். தொழிற்பேட்டையை நடத்தும் அமைப்பு ஒன்று பறவைப் பூங்காவை ஏன் கட்டவேண்டும்? ரியோ டி ஜெனிரோவில் பெரிய பறவைக்கூடம் ஒன்றைப் பார்த்த டாக்டர் கோவுக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1971 ஜனவரி 3ஆம் தேதி ஜூரோங் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஏறக்குறைய 900 கார்களை நிறுத்திப் படம் பார்க்கக்கூடிய திறந்தவெளித் திரையரங்கு வந்தது. பிறகு ஜப்பானியத் தோட்டம், சீனத் தோட்டம், 1977ல் அறிவியல் நிலையம். இன்று இவற்றைச் சுற்றுப்பயணிகளுக்கான இடங்களாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆலைப் பகுதியாக மட்டும் இருந்த இடத்தை மனிதர்கள் வாழ விரும்பும் ஊராக மாற்றும் முயற்சியும் அவற்றில் இருந்தது.

அந்த முயற்சி பலித்தது. ஆனால் முழுப் பலனைத் தர நீண்ட காலம் பிடித்தது. ஜூரோங் ஈஸ்ட், லேக்சைடு நிலையங்களுக்குப் பெருவிரைவு ரயில் வந்தது 1988 நவம்பரில். பூன் லேக்கு 1990ல்தான். தாமான் ஜூரோங்கில் முதல் குடும்பங்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு!

பால் வாங்கவும் பறை பழகவும்

புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயர் தெரிந்திருக்கலாம். 1933ல் அவர் முன்வைத்த ‘மைய இடக் கோட்பாடு’ எளிமையானது. ஒவ்வொரு கடைக்கும் சேவைக்கும் அது தாக்குப்பிடிக்க இத்தனை வாடிக்கையாளர் வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. பால், ரொட்டி விற்கும் கடைக்குச் சில நூறு பேர் போதும். அதனால் அது எல்லா ஊரிலும் இருக்கும். நகைக்கடைக்குப் பல்லாயிரம் பேர் வேண்டும். அதனால் பெரிய ஊரில் மட்டும்தான் இருக்கும். அடிக்கடி தேவைப்படும் பொருளுக்கு மக்கள் தூரம் போகமாட்டார்கள். அரிதாகத் தேவைப்படுவதற்குப் போவார்கள்.

இந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு அன்றாடம் தேவைப்படுவதில் இன்றைய ஜூரோங்குக்கு எந்தக் குறையும் இல்லை. காப்பிக்கடை, ஈரச்சந்தை, பள்ளி, பலதுறை மருந்தகம் எல்லாம் நடக்கும் தூரத்தில் உள்ளன. ஜூரோங் வட்டார நூலகமும், 2015ல் செயல்படத் தொடங்கிய இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையும், அடுத்தடுத்துக் கடைத்தொகுதிகளும் ஜூரோங் ஈஸ்டில் இருக்கின்றன. கொஞ்சம் மேற்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நடுவே ஏரி. 2019ல் லேக்சைடு தோட்டமும், புதுப்பிக்கப்பட்ட சீன, ஜப்பானியத் தோட்டங்கள் 2024 செப்டம்பரிலும் திறக்கப்பட்ட பிறகு, நீர்நாய் பார்க்கவும் மெதுவோட்டம் ஓடவும் நகரத்திலிருந்து இங்கே வருகிறார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் எவ்வளவு பணம் செலவழித்தாலும் அந்தக் காலைக் காற்று கிடைக்காது. இதை மேற்கில் வாழ்கிறவர்களின் பெருமை என்று யாராவது சொன்னால், ஆம், பெருமைதான்.

ஆனால் ஒரு மாணவர் பறை கற்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது தமிழ் மேடை நாடகத்தில் நடிக்க விரும்புகிறார். அவரது புளோக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கும். அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? அவற்றில் பதினாறு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகள் எத்தனை? அந்தப் பிள்ளைகளில் பறை பழக விரும்புகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலும் அவர் ஒருவர்தான். ஒரு வகுப்பு நடக்கப் பத்துப் பேராவது வேண்டும். தீவு முழுவதும் தேடினால் அந்தப் பத்துப் பேர் கிடைப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் பொதுவான இடம் நகரத்தின் நடுவில்தான் அமையும்.

இதில் அரசாங்கக் கொள்கை ஒன்றுக்கும் பங்கு உண்டு. 1989ல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, வீவக பேட்டை ஒவ்வொன்றிலும் புளோக் ஒவ்வொன்றிலும் ஓர் இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை வீடு வாங்கலாம் என்று வரம்பு உள்ளது. 2010ல் மாற்றப்பட்ட வரம்பின்படி, இந்தியரும் மற்ற இனத்தவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. இனங்கள் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துவிடக்கூடாது என்பது நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்கு வேறுபாடு இல்லை. அதன் ஒரு விளைவையும் சொல்லத்தான் வேண்டும்: ஜூரோங்கில் இன்னொரு சிராங்கூன் சாலை தானாக முளைக்க வழியில்லை. மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வரும். மல்லிகைப்பூ கிடைக்கும். ஆனால் அரிதான தேவைகளுக்குத் தமிழர்கள் தேக்காவுக்குத்தான் போகவேண்டும். இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் பெட்டி சாலையில். தமிழ் நூல் வெளியீடுகள் அதிகம் நடக்கும் தேசிய நூலகம் விக்டோரியா ஸ்திரீட்டில். எல்லாமே ஒரு வட்டத்துக்குள். அந்த வட்டம் ஜூரோங்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத் தொலைவில்.

முக்கால் மணி நேரம் பெரிதா என்று கேட்கலாம். போக முக்கால், வர முக்கால். வாரம் இரண்டு நாள் ஒத்திகை என்றால் மூன்று மணி நேரம். நாற்பது வாரத்துக்கு 120 மணி நேரம். அதாவது முழுதாக ஐந்து நாள் இரவு பகலாக ரயிலில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வழக்கநிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்ன முடிவெடுப்பார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை. நகரத்தின் நடுவில் வாழும் அதே ஆர்வமுள்ள பிள்ளை இந்தக் கணக்கைப் போடவே வேண்டியதில்லை. கால்பந்து, பூப்பந்து, கணிதத் துணைப்பாடம் போன்ற பரவலான ஆர்வங்கள் உள்ள பிள்ளைக்கு ஜூரோங் வசதியான ஊர். ஆர்வம் அரிதாக ஆக ஆக அதே ஊர் சிறுத்துக்கொண்டே போகிறது.

இங்கே ஒன்று தோன்றுகிறது. சமூக அமைப்புகள் ஏன் எப்போதும் நகர மையத்திலேயே நிகழ்ச்சி நடத்துகின்றன? ஆண்டில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை மேற்கிலும் வடக்கிலும் உள்ள சமூக மன்றங்களில் நடத்தினால் பயணம் செய்யவேண்டியது ஒரு பேச்சாளரும் சில தொண்டூழியர்களும்தான். இப்போது பயணம் செய்வது பார்வையாளர்கள் அனைவரும். வராமல் போகிறவர்களின் எண்ணிக்கையை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒருவருக்குச் சிற்றூர், மற்றவருக்கு நகரம்

ஜூரோங்கில் வாழும் தமிழர்கள் என்றால் வீவக வீடுகளில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது. பெஞ்சுரு முதல் துவாஸ் வரை உள்ள தங்குவிடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் ஏராளமானோர் வாழ்கிறார்கள். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு.

அவர்கள் விடுதிக்கு அருகிலேயே மனமகிழ் நிலையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கடை, உணவகம், ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி, விளையாட்டுத் திடல் எல்லாம் அங்கே உண்டு. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து ஏன் வருகிறார்கள்? அரிசியும் தொலைபேசி அட்டையும் விடுதிப் பக்கத்திலேயே கிடைக்கும். உட்லண்ட்சிலோ பொங்கோலிலோ வேறொரு நிறுவனத்தில் வேலை செய்யும் தன் ஊர்க்காரர் அங்கே கிடைக்கமாட்டார். புதுக்கோட்டைப் பக்கத்து ஒரே கிராமத்திலிருந்து வந்த ஐந்து பேர் தீவின் ஐந்து மூலைகளில் இருந்தால், அவர்கள் சந்திக்க நடுவில் ஓர் இடம் வேண்டும். கிறிஸ்டாலரின் கோட்பாடு இங்கே கடைச் சரக்குக்கு மட்டுமல்லாமல் நட்புக்கும் பொருந்துகிறது.

இதில் கவனிக்கத்தக்க இன்னொன்றும் இருக்கிறது. கிருமித்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது, 2022 ஜூன் முதல், தங்குவிடுதி ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் நான்கு இடங்களுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு பெறவேண்டியிருந்தது. கூட்டம் சேரும் இடங்கள் என்று மனிதவள அமைச்சு குறிப்பிட்ட அந்த நான்கு: சைனாடவுன், கேலாங் சிராய், லிட்டில் இந்தியா, ஜூரோங் ஈஸ்ட். 2024 மே மாதம் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

ஜூரோங் ஈஸ்ட்! உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ‘டவுனுக்கு’ வெளியே இருக்கும் அதே இடம், துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் இளையருக்கு லிட்டில் இந்தியாவுக்கு இணையான நகர மையம். இருவருக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றாகக்கூட இருக்கலாம்.

ஒரே பாதையை நம்பிய ஊர்

சிறிய ஊரில் மாற்று வழி குறைவு. இந்தக் குறை அன்றாடம் கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது பழுதாகும்போதுதான் தெரியும். 2024 செப்டம்பர் 25ஆம் தேதி, கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு பழைய ரயிலின் அச்சுப் பகுதியிலிருந்து கழன்ற பாகம் தண்டவாளத்தைச் சேதப்படுத்தியது. ஜூரோங் ஈஸ்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே சேவை ஆறு நாள் நின்றுபோனது. தேசியத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தாமதமாக வரும் மாணவர்களுக்கு முழுத் தேர்வு நேரமும் தரப்படும் என்று அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. இணைப்புப் பேருந்துகளுக்காக நீண்ட வரிசைகள்.

நகர மையத்தில் ஒரு பாதை நின்றால் பத்து நிமிடம் நடந்து இன்னொரு பாதைக்குப் போய்விடலாம். மேற்கிலிருந்து நகரத்துக்கு நேராகச் செல்ல இருப்பது ஒரே பாதை. வடக்கே சுற்றிக்கொண்டு போகலாம்தான். அதற்கு ஆகும் நேரத்தை அந்த ஆறு நாளில் அனுபவித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

24 நிலையங்களைக் கொண்ட ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027 முதல் 2029 வரை மூன்று கட்டங்களாகத் திறக்கப்படவிருக்கிறது. இந்தப் பாதையின் வரைபடத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: அது நகர மையத்தின் பக்கமே போகவில்லை. சுவா சூ காங், தெங்கா, பூன் லே, ஜூரோங் ஈஸ்ட், ஜூரோங் பியர், நன்யாங் பல்கலைக்கழகம் என்று மேற்குக்குள்ளேயே சுற்றுகிறது. ஜூரோங்வாசிகள் ‘டவுனுக்கு’ப் போவதற்காக அல்ல, ஜூரோங்குக்குள்ளேயே போய்வருவதற்காகக் கட்டப்படும் பாதை அது. பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் போன தலைமுறைகளுக்கு அதன் அருமை தெரியும். நகரத்துக்குப் போக இரண்டாவது வழி வேண்டுமென்றால் 2032 வரை பொறுக்கவேண்டும். குறுக்குத் தீவுப் பாதை அப்போதுதான் ஜூரோங் ஏரி வட்டாரத்தைத் தொடும்.

புதிய ஊர், பழைய கதை

தாமான் ஜூரோங்கின் 1960களை நேரில் பார்க்க முடியவில்லையே என்று வருந்தவேண்டாம். தெங்காவுக்குப் போனால் அதில் ஒரு பகுதியைப் பார்க்கலாம். 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட அந்தப் புதிய நகரில் 2023ல் முதல் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் முதலில் சந்தித்த குறைகள்: கடைகள் போதவில்லை, பேருந்துகள் போதவில்லை, ரயில் இல்லை. கார் பயன்பாட்டைக் குறைக்கும் நகர் என்று பெயர் பெற்ற தெங்காவில் ரயில் வராத முதல் சில ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூரோங் வட்டாரப் பாதையின் முதல் கட்டம் முதலில் 2026ல் முடிவதாக இருந்தது. கிருமித்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனது. திட்டம் தீட்டுபவருக்கு ஓராண்டு சிறிய தாமதம். உயர்நிலை மூன்றில் இருக்கும் பிள்ளைக்கு அது பள்ளி வாழ்க்கையின் கடைசிக் கட்டம்.

ஆனாலும் தெங்காவின் புதுக் குடும்பங்களுக்கு 1960களின் ஊழியர்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. ஏரியும் நூலகமும் மருத்துவமனையும் கடைத்தொகுதியும் ஏற்கெனவே பக்கத்து ஜூரோங்கில் இருக்கின்றன. முதலில் போனவர்கள் பட்ட சிரமம் பின்னால் வருகிறவர்களுக்கு வசதியாகிறது.

நகரமாகும்போது எது போகும்?

இதுவரை ஜூரோங்கில் இல்லாதவற்றைப் பற்றியே பேசினோம். இருந்தவை போவதைப் பற்றியும் பேசவேண்டும். 1991ஆம் ஆண்டின் பெருந்திட்டத்திலேயே ஜூரோங் ஈஸ்ட் வட்டார மையங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 2008ல் ஜூரோங் ஏரி வட்டாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 360 ஹெக்டர் பரப்பில், 2040க்கும் 2050க்கும் இடையே 100,000 புதிய வேலைகள், 20,000 புதிய வீடுகள் என்பது இலக்கு. நகர மையத்துக்கு வெளியே ஆகப் பெரிய வர்த்தக வட்டாரமாக அது அமையவேண்டும்.

அந்தப் பாதை நேரானதாக இல்லை. கோலாலம்பூர் அதிவேக ரயிலின் முனையத்துக்காக ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ரயில் திட்டமோ 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. பிறகு 6.5 ஹெக்டர் நிலத்தை ஒரே மேம்பாட்டாளரிடம் தர ஏலக்குத்தகை அறிவித்தபோது, ஐந்து நிறுவனங்கள் சேர்ந்த ஒரே ஒரு கூட்டணிதான் விண்ணப்பித்தது. அவர்கள் கேட்ட ஏறக்குறைய 2.5 பில்லியன் வெள்ளி விலை மிகக் குறைவு என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மறுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களும் இன்னும் ஜூரோங்கை ‘டவுன்’ என்று முழுமையாக நம்பவில்லை என்பதுதான் இதற்கு என் விளக்கம். ஊழியர்கள் தாமான் ஜூரோங்குக்குக் குடிபோகத் தயங்கிய கதை, இந்த முறை அலுவலகக் கட்டடங்களின் அளவில்.

இதற்கிடையே பறவைப் பூங்கா, திறந்த நாளிலிருந்து சரியாக 52 ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 3ஆம் தேதியோடு மூடப்பட்டு மண்டாய்க்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜேகியூப் கடைத்தொகுதியும் அதன் பனிச்சறுக்குத் தளமும் மூடப்பட்டன. அந்த இடத்தில் கூட்டுரிமை வீடுகள் வருகின்றன. மேற்கத்திய இளையர் ஒருவர் பனிச்சறுக்குப் பழக ரயிலேறாமல் இருந்த காலம் அதோடு முடிந்தது. நில மதிப்பு உயர உயர, குறைந்த பேர் விரும்பும் விஷயங்கள்தான் முதலில் வெளியேறும். ஊர் பெரிதானால் அரிதானவை தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு அந்தப் பனித்தளம் ஒரு சான்று.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு சோதனை நடக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011ல் மென்பொருள் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019ல் அந்தப் பகுதிக்கே குடிபெயர்ந்தார். அங்கே சந்தையும் கோயிலும் உறவும் ஏற்கெனவே இருந்தன. இல்லாதது இப்படிப்பட்ட வேலை. வேலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜூரோங்கில் வேலையை வைத்துக்கொண்டு ஊரைத் தேடினார்கள். இரண்டில் எது எளிது என்று கேட்டால், வேலையைக் கொண்டுபோவதுதான் எளிது என்பேன். ஆலையை இரண்டு ஆண்டில் கட்டிவிடலாம். மாலையில் பேசிக்கொண்டிருக்க நாலு பேர் சேர ஒரு தலைமுறை ஆகிறது.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். 2024 அக்டோபர் முதல் பிடிஓ வீடுகள் ஸ்டாண்டர்டு, பிளஸ், பிரைம் என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. நல்ல அமைவிடத்துக்குக் கூடுதல் மானியம் உண்டு. ஆனால் பிளஸ், பிரைம் வீடுகளைப் பத்தாண்டுக்கு விற்க முடியாது. ஸ்டாண்டர்டு வீடுகளுக்கு அது ஐந்தாண்டு. மறுவிற்பனை வீட்டைப் பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் கிடைக்கும். தூரமும் நெருக்கமும் இப்போது வெள்ளிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தக் கணக்கில் வராத ஒரு வரியை நீங்களே எழுதிச் சேர்க்கவேண்டும். ஒரு மாதத்தில் எதற்கெல்லாம் ரயிலேறினேன்? அவற்றில் எதை விட்டுவிட்டால் எனக்கு வருத்தமில்லை, எதை விட முடியாது? ஏரிக்கரையும் அம்மாவின் சமையலும் பத்து நிமிடத்தில் கிடைப்பது பெரிதென்றால் ஜூரோங்கில் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. வாரம் இரண்டு முறை தேக்கா பக்கம் போகாமல் இருக்க முடியாதவர் என்றால், அந்த 120 மணி நேரத்தையும் வீட்டு விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அல்லது, பறை பழக ஆசைப்படும் இன்னும் ஒன்பது பேர் லேக்சைடு, பூன் லே, தெங்கா பக்கம் எங்காவது இருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள். 2027ல் புதிய பாதை ஓடத் தொடங்கியதும் அவர்கள் ஓரிடத்தில் கூடுவது இப்போதைவிடச் சுலபமாக இருக்கும்.